பதினான்காம் பாகம்

பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்தும்
யாரும் எழும்பவில்லை.
ஒரு வால் அசையும், ஒரு கண் திறக்கும்,
பதின்மூன்று முறையும் அப்படித்தான் முடித்தார்கள்.
இம்முறை லைட்டைப் போட்டுவிட்டார்கள்.
தும்புத்தடியோடு வந்தவர்
கச்சான் கோதைக் கூட்டத் தொடங்கினார்
எங்கள் கால்களைத் தட்டித் தட்டி.

படத்தில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர்.
எங்களுக்கு அது மூக்கன்.
கடலிலிருந்து ஏறி வருவான்,
கண்ணாடிக் கட்டடங்களை
முறுக்கு நொறுக்குவதுபோல் நொறுக்குவான்,
ரயிலைக் கடித்துப் பிடிக்காமல் துப்புவான்.
அட்டன் பக்கம் மட்டும் வந்ததில்லை.
"இங்க வந்து ஒடைக்க என்ன இருக்கு?" என்பான் துஷாந்தன்,
ஒவ்வொரு பாகத்திலும், இடைவேளைக்குச் சற்று முன்.
ஒவ்வொரு பாகத்திலும் சிரிப்போம்.

கடைசிப் பாகத்தில் சண்டையே இல்லை.
மூக்கன் நடந்தான். நாற்பது நிமிடம் நடந்தான்.
ஒரு விமானம்கூடச் சுடவில்லை.
ஆளில்லாத ஒரு வெளிக்கு வந்து
முன்னங்காலை மடித்துப் படுத்தான்.
முதுகில் மழை. பிறகு பாசி. பிறகு புல்.
நூறு வருடம் கழித்து என்று எழுத்து வந்தது.
அவன்மேல் ஆடு மேய்ந்தது.

"காசத் திருப்பிக் குடு!" என்று
வெறுந்திரையைப் பார்த்துக் கத்தினார் கமலதாசன் அண்ணன்,
ஒரு நாள் பேரை விட்டுவிட்டு வந்தவர்.
யோகசீலி ஷோலுக்குள் முகத்தை வைத்திருந்தாள்.
அழுகிறாயா என்றேன்.
"பசிக்குது" என்றாள். அழுகைதான்.
றிஸ்வி முதலாம் பாகத்திலிருந்து
டிக்கெட் துண்டுகளைச் சேர்க்கிறவன்.
பதினான்காவதை பேர்ஸில் வைக்காமல்
கையிலேயே பிடித்திருந்தான்,
வியர்வையில் அது கூழாகும்வரை.

கடைசி பஸ்ஸில் வழக்கு.
மூக்கனுக்கு வயது போய்விட்டது என்றான் ஒருவன்.
கம்பனிக்குக் காசு போய்விட்டது என்றான் இன்னொருவன்.
"மலையாயிட்டான்ல, கத முடிஞ்சிது"
என்று தீர்ப்புச் சொன்ன கொண்டக்டர்
மிச்சக் காசைத் தராமலே முன்னுக்குப் போனார்.

அப்போதுதான் யோகசீலி தலையை நிமிர்த்தினாள்.
"மலையானா முடிஞ்சிருமா?
எந்த ஊருக் கத அது?
படத்த எடுத்தவன் மலைக்குக் கீழ
ஒரு ராத்திரியும் படுத்ததில்ல."

பஸ் ஒரு முடக்குத் திரும்பியது.
யாரும் பேசவில்லை.

போன கார்த்திகையில்
மேட்டு லயத்துக்குப் பின்னால்
மலை ஒரு முழம் இறங்கியது,
மாடு புரண்டு படுக்கிற மாதிரி.
வாழையும் கக்கூசும் நின்றபடியே இறங்கின.
அளக்க வந்தவர்கள்
சுவரில் சிவப்பு மையால் இலக்கம் எழுதி
வேறிடம் போகச் சொன்னார்கள்.
வேறிடம் எது என்று எழுதவில்லை.

துஷாந்தன்தான் முதலில் சிரித்தான்.
"அப்ப பதினஞ்சாம் பாகம் இருக்கு!"
பஸ்ஸே கைதட்டியது.
"அட்டன்லதான் எடுக்கணும்!"
"மொதல்ல தொரை பங்களா!"
"எங்க... மொதல்ல நாமதான்" என்றார் கமலதாசன் அண்ணன்.
அதற்கும் கைதட்டினோம்,
கொஞ்சம் பிந்தி.

படியேறும்போதே மழை பிடித்துவிட்டது.
குசினிச் சுவரின் விரிசலுக்குக் குறுக்கே
சீமெந்து வைத்து ஒட்டிய கண்ணாடித் துண்டு,
என் விரல் நீளம்.
மலை அசைந்தால் இது வெடிக்கும், பார்த்துக்கொள்
என்று சொல்லிப் போயிருந்தார்கள்.
மூக்கன் உடைப்பதற்கு எங்கள் லயத்தில்
இருக்கும் கண்ணாடி அவ்வளவுதான்.

போன் வெளிச்சத்தை அதன்மேல் பிடித்தேன்.
மழைத்தண்ணீர் ஒரு கோடாக இறங்கியதை
வெடிப்பென்று நினைத்து
துடைத்துப் பார்த்தேன். முழுசாக இருந்தது.
யோகசீலிக்கு அனுப்பினேன்:
"படுத்துத்தான் இருக்கான்."

அவளும் தூங்கவில்லை.
"வால்?" என்று கேட்டிருந்தாள்.